ஆட்ப்ளூ எச்சரிக்கை வந்தால் உடனே நாக்ஸ் சென்சாரை வாங்காதீர்கள்

டீசல் புகையைச் சுத்தமாக்க அதில் தெளிக்கும் திரவம்தான் ஆட்ப்ளூ. அந்த அமைப்பில் கோளாறு என்று டாஷ்போர்டில் "இன்னும் 800 கி.மீ.க்குப் பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது" என்று வந்து, அந்த எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும்போது ஒரு பதற்றம் வரும் பாருங்கள், அந்தப் பதற்றத்தில்தான் பாதிப் பேர் தேவையில்லாத பாகங்களை வாங்கிக் குவிக்கிறார்கள். நானும் வாங்கியவன்தான். என்னுடைய பழைய டீசல் எஸ்யூவியில் பின்பக்க நாக்ஸ் சென்சாரை, அதாவது புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை (நாக்ஸ்) அளக்கும் சென்சாரை மாற்றினேன், பத்து நாளில் அதே கோட் (கணினி பதிவுசெய்யும் கோளாறு எண்) திரும்ப வந்தது. முன்பக்க சென்சாரையும் மாற்றினேன், மறுபடியும் அதே கோட். கடைசியில் பார்த்தால், சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்த ஆட்ப்ளூ இன்ஜெக்டர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். கழற்றிப் போட்ட இரண்டு சென்சார்களும் ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஸ்கேனரில் வரும் கோட், கோளாறைப் பார்த்துப் புகார் கொடுத்தவரின் பெயர் மாதிரி. குற்றவாளியைத் தேடும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, அதை எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமைப்பைச் சுருக்கமாக

ஆட்ப்ளூ என்பது 32.5% யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். வேறு எதுவும் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. தொட்டியிலிருந்து பம்ப் அதை இழுத்து, பெரும்பாலான கார்களில் சுமார் 5 பார் அழுத்தத்தில், சூடேற்றும் வசதி உள்ள குழாய் வழியாகப் புகைக்குழாயில் இருக்கும் இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. சூடான புகையில் யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது, அந்த அம்மோனியா எஸ்.சி.ஆர். கேட்டலிஸ்ட்டில் (இந்த வேதிவினையை நடத்தும் வினையூக்கிப் பெட்டி) நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக வெளியே போகிறது. கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் எவ்வளவு வந்தது, பின்னால் எவ்வளவு மிஞ்சியது என்று ஒப்பிட்டுத்தான் கணினி இந்த அமைப்பு வேலை செய்கிறதா என்று முடிவுசெய்கிறது. புகை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை இன்ஜெக்டர் தெளிக்கவே தெளிக்காது. அதனால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு "டோசிங் (ஆட்ப்ளூ தெளிப்பு) நடக்கவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம். வண்டியை அணைத்த பிறகு பின்பக்கத்தில் கொஞ்ச நேரம் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். அது கோளாறு இல்லை. குழாயில் மிஞ்சிய திரவத்தைப் பம்ப் தொட்டிக்கே திரும்ப இழுக்கிறது, ஏனென்றால் ஆட்ப்ளூ மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும், உறைந்தால் குழாய் பிளந்துவிடும். இந்த வேலை முடிவதற்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் குழாயிலும் இன்ஜெக்டரிலும் திரவம் தங்கி, காய்ந்து, உப்பு மாதிரி உறைந்து நிற்கும். இன்ஜினை அணைத்தபின் ஐந்து நிமிடமாவது விட்டுவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும்.

சொகுசு எஸ்யூவிகளில் ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வொரு விதமாக அடைத்து வைத்திருக்கிறது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 35டி, அதாவது இ70 மாடலில் இரண்டு தொட்டிகள். பெரிய தொட்டியிலிருந்து சின்னத் தொட்டிக்கு மாற்றிவிட ஒரு தனி பம்ப் உண்டு, அது படுத்துவிட்டால் பெரிய தொட்டி நிறைய இருக்கும்போதே வண்டி "ஆட்ப்ளூ தீர்ந்துவிட்டது" என்று சொல்லும், நீங்களும் ஊற்றி ஊற்றிப் பார்ப்பீர்கள். ஃபோக்ஸ்வாகன் டூவரெக், ஆடி க்யூ7, போர்ஷே கயென் மூன்றிலும் அதே 3.0 லிட்டர் டீசல் வந்திருப்பதால் ஒன்றுக்கு எழுதிய ஆட்ப்ளூ வைத்தியம் மற்றதற்கும் ஏறக்குறைய பொருந்தும். நிரப்பும் வாய் சிலவற்றில் டீசல் மூடிக்குப் பக்கத்தில், சிலவற்றில் பானெட்டுக்குள், சில மெர்சிடீஸ்களில் டிக்கி தரைக்கு அடியில். நீல மூடி எங்கே இருக்கிறதோ அங்கே.

முதலில் திரவம்

எந்தக் கோட் வந்திருந்தாலும் நான் முதலில் பார்ப்பது திரவத்தைத்தான். அதைப் பார்க்கச் செலவு கிடையாது, ஆனால் அது கெட்டுப்போயிருந்தால் மற்ற எல்லாச் சோதனையும் வீண்.

சுத்தமான ஒரு குழாய் வைத்துத் தொட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி ஒரு கண்ணாடி டம்ளரில் எடுங்கள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் யாரோ டீசலையோ எண்ணெயையோ ஊற்றியிருக்கிறார்கள், அல்லது டீசல் பட்ட புனலால் ஊற்றியிருக்கிறார்கள். அதன் விளைவு மோசமானது: பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் உள்ள ரப்பர் சீல்கள் எண்ணெய் பட்டால் உப்பிவிடும், பிறகு கழுவினாலும் பழைய நிலைக்கு வராது. மங்கலாக, பழுப்பாக, அடியில் மண்டி தங்கியதாக இருந்தாலும் அந்தத் திரவம் முழுவதையும் வெளியேற்ற வேண்டும்.

அடுத்தது செறிவு. ஆட்ப்ளூ அளவுகோல் உள்ள ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் செறிவை அளக்கும் சின்னக் கருவி) வாங்கிக்கொள்ளுங்கள். கூலன்ட், பேட்டரி ஆசிட் அளவுகளோடு சேர்ந்தே பலவற்றில் இந்த அளவும் வருகிறது. இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் 32.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஐஎஸ்ஓ 22241 தரம் அனுமதிப்பது 31.8 முதல் 33.2 வரை. அதற்குக் கீழே இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அல்லது வெயிலில் கிடந்து பழசாகிவிட்டது. 25 டிகிரிக்குள் வைத்திருந்தால் 18 மாதம், 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் வெறும் 6 மாதம், அவ்வளவுதான் இதன் ஆயுள். கராஜ் மூலையில் இரண்டு கோடைக்காலம் பார்த்த கேனை ஊற்றிவிட்டு "கேட்டலிஸ்ட் போய்விட்டது" என்று வருபவர்கள் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், ரிஃப்ராக்டோமீட்டர் செறிவைத்தான் சொல்லும், அழுக்கைச் சொல்லாது. குழாய்த் தண்ணீரில் கரைத்த யூரியாவும் அதில் 32.5 காட்டும், ஆனால் அதில் இருக்கும் கால்சியமும் மற்ற தாதுக்களும் கேட்டலிஸ்ட்டில் படிந்து அதைக் கொல்லும். உர யூரியாவை வீட்டில் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவேதான் பதில்.

தொட்டி முழுவதுமாகக் காலியாகி எச்சரிக்கை வந்திருந்தால் ஒரு லிட்டர் ஊற்றிப் பயனில்லை. மட்டத்தை அளக்கும் சென்சார் பல கார்களில் ஒலி அலையால் அளப்பது, குறைந்த அளவு ஏறினால் அது கண்டுகொள்ளாது. குறைந்தது 5 லிட்டர், முடிந்தால் 10 லிட்டர் ஊற்றி, இக்னிஷனை மட்டும் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் ஒத்துக்கொள்ளும். அதற்காக வாய்வரை ததும்ப ஊற்றவும் கூடாது. உறையும்போது ஏறக்குறைய 7% விரியும் திரவம் இது, தவிர அதிகம் ஊற்றினால் காற்றுப்போக்கிக் குழாய்க்குள் ஏறி அங்கே படிகமாகி அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் இழுக்கத் திணறும், ஸ்கேனரோ "அழுத்தம் குறைவு" என்று சொல்லும். நீங்கள் பம்ப்பைக் குற்றம் சொல்வீர்கள். மூடியைத் திறந்தவுடன் "உஸ்" என்று காற்று உள்ளே போகிறதா என்று பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

தப்பித் தவறி ஆட்ப்ளூவை டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் இக்னிஷனைக்கூடப் போடாதீர்கள். டீசல் பம்ப் ஓட ஆரம்பித்தால் செலவு பத்து மடங்காகிவிடும். வண்டியைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும், டீசல் தொட்டியை முழுதாகக் காலிசெய்ய வேண்டும்.

கோட்களை எப்படிப் படிப்பது

எல்லாக் காருக்கும் பொதுவான மலிவு ஸ்கேனர் இங்கே போதாது. ஆட்ப்ளூ கட்டுப்பாட்டுப் பகுதியின் நேரடி அளவுகளையும், டோசிங் சோதனை போன்ற செயல்களையும் காட்டும் ஸ்கேனர் வேண்டும். நிறுவனத்துக்கென்றே உள்ள மென்பொருளாக இருந்தால் இன்னும் நல்லது.

அடிக்கடி கண்ணில் படும் கோட்கள்: பி20இஇ என்றால் கேட்டலிஸ்ட்டின் திறன் எல்லைக்குக் கீழே. பி204எஃப் என்றால் ஆட்ப்ளூ அமைப்பு எதிர்பார்த்தபடி இயங்கவில்லை, எங்கே என்று சொல்லாது. பி20இ8 அழுத்தம் குறைவு, பி20இ9 அழுத்தம் அதிகம். பி203எஃப் மட்டம் குறைவு. பி207எஃப் திரவத்தின் தரம். பி2200 வரிசை முன்பக்க நாக்ஸ் சென்சாரையும், பி229இ வரிசை பின்பக்க நாக்ஸ் சென்சாரையும் பற்றியது. இவற்றில் பி20இஇ, பி207எஃப் இரண்டும் கணக்குப் போட்டுச் சொல்லும் கோட்கள். பி207எஃப் வந்ததென்றால் எல்லாக் காரிலும் யாரோ திரவத்தைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை, தரம் அளக்கும் சென்சார் இல்லாத கார்களில் "நிறையத் தெளித்தேன், நாக்ஸ் குறையவில்லை, அப்படியானால் திரவம் சரியில்லை போலும்" என்ற யூகம்தான் அது.

கோட்களை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள் அல்லது படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் பதிவானது என்று கணினி சேமித்து வைத்திருக்கும் தகவலோடு (ஃப்ரீஸ் ஃபிரேம்). அழித்தால் அந்தத் தடயம் போய்விடும், ஆனால் "இன்னும் இத்தனை கி.மீ." என்ற எண் பெரும்பாலும் போகாது.

கூடவே இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு), டர்போ, டி.பி.எஃப். (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சம்பந்தப்பட்ட கோட் ஏதாவது இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். இஜிஆர் அடைத்துக்கொண்டால் இன்ஜினே அதிக நாக்ஸை உற்பத்தி செய்யும், ஆட்ப்ளூ அமைப்பு எவ்வளவு தெளித்தாலும் ஈடுகொடுக்க முடியாது. பேட்டரியையும் பாருங்கள். வாரக்கணக்கில் நிறுத்திவைத்த பெரிய எஸ்யூவிகளில் வோல்டேஜ் இறங்கி, நாக்ஸ் சென்சார் கோட்கள் கூட்டமாக வரும், சார்ஜ் செய்ததும் காணாமல் போகும். ஃபியூஸும் அப்படித்தான். பல கார்களில் ஒரே ஃபியூஸில் பல பாகங்கள் தொங்குகின்றன, ஹீட்டர் ஒன்று ஷார்ட் ஆகி ஃபியூஸ் போனால் சம்பந்தமே இல்லாத சென்சார்களும் செத்த மாதிரி தெரியும்.

அழுத்தம் ஏறுகிறதா?

இன்ஜினை ஓடவிட்டு நேரடி அளவில் ஆட்ப்ளூ அழுத்தத்தைப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து ஏறி 5 பார் பக்கத்தில் போய் ஆடாமல் நின்றால் தொட்டி, பம்ப், ஃபில்டர், குழாய் எல்லாம் சரி. இந்த ஒரு பார்வையில் பாதி அமைப்பைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஏறவே இல்லை என்றால் ஃபில்டர் அடைப்பு, உறிஞ்சும் பக்கம் காற்று நுழைவது, பம்ப்புக்கு மின்சாரம் வராதது, கடைசியாகப் பம்ப். ஏறிவிட்டு மெதுவாக இறங்கினால் எங்கோ கசிகிறது, அது வெளியே குழாய் இணைப்பிலும் இருக்கலாம், இன்ஜெக்டர் வழியாக உள்ளேயும் இருக்கலாம். அழுத்தம் சரியாக இருந்தாலும் பம்ப் எப்போதும் உச்சத்திலேயே உழைத்துக்கொண்டிருந்தால் அது நோயின் ஆரம்பம்.

அழுத்த சென்சாரையும் நம்பிவிடக் கூடாது. வண்டியை அணைத்து, அந்த இரைச்சல் அடங்கிய பிறகு இக்னிஷனை மட்டும் போட்டால் அது பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதும் 2, 3 பார் என்று நின்றால் சென்சார் பொய் சொல்கிறது, அல்லது திரவத்தைத் திரும்ப இழுக்கும் வேலை நடக்கவில்லை.

கசிவைக் கண்டுபிடிப்பது இந்த அமைப்பில் மட்டும் சுலபம். தண்ணீர் ஆவியாகி, யூரியா வெள்ளையாக, சர்க்கரைப் பாகு காய்ந்த மாதிரி நிற்கும். குழாய் முனை, பம்ப் விளிம்பு, இன்ஜெக்டர் அடிப்பாகம் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெந்நீர் விட்டால் கரைந்துவிடும், சுரண்டத் தேவையில்லை. ஆனால் கனெக்டருக்குள் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் கொஞ்சம் கவலைப்படுங்கள். இந்தத் திரவம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செம்புக் கம்பி இழைகளுக்கு நடுவே உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். ஒரு வண்டியில் பம்ப் கனெக்டரைக் கழற்றியபோது பின்கள் பச்சையாகப் பூத்திருந்தன. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி வயரின் உறையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. கனெக்டரை மட்டும் சுத்தம் செய்து மாட்டியிருந்தால் ஒரு மாதத்தில் திரும்ப வந்திருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது வயர் இணைப்பதுதான் வழி.

இன்ஜெக்டர், நான் கோட்டை விட்ட இடம்

இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால் குறைவாகத் தெளிக்கும், நாக்ஸ் குறையாது, பி20இஇ வரும். இது எல்லோருக்கும் புரியும். ஆனால் இன்ஜெக்டர் அதிகமாகத் தெளித்தாலும், மூடாமல் சொட்டினாலும் அதே பி20இஇ வரும். காரணம், நாக்ஸ் சென்சாருக்கு அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் ஒன்று போலத் தெரியும். தேவைக்கு மேல் யூரியா போனால், வேலையில்லாத அம்மோனியா கேட்டலிஸ்ட்டைத் தாண்டி வெளியே வரும், பின்பக்க சென்சார் அதை நாக்ஸ் என்று எண்ணி அதிக அளவு காட்டும், கணினியோ "இன்னும் நாக்ஸ் இருக்கிறதே" என்று மேலும் தெளிக்கச் சொல்லும். சில சமயம் புகைக்குழாய் முனையில் மூக்கைப் பிடிக்கும் நெடி இருக்கும், எனக்கும் வந்தது, நான்தான் கழிவறை பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஒரே வேகத்தில் ஓட்டி, இரண்டு சென்சாரின் அளவையும் இன்னொருவர் பதிவுசெய்துகொண்டே வர, முன்னால் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு), பின்னால் 250 பிபிஎம் என்று வருகிறதென்று வையுங்கள். திறன் 40%கூட இல்லை, நன்றாக இருக்கும் அமைப்பில் பின்னால் 60-ஐச் சுற்றி இருந்திருந்தால் 85% ஆகியிருக்கும். இப்போது ஸ்கேனர் வழியாக டோசிங்கை நிறுத்துங்கள், அல்லது வண்டியை ஓரம்கட்டி இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அதே வேகத்தில் ஓட்டுங்கள். இதற்கு ஒரு கோட் பதிவாகும், பரவாயில்லை. பின்பக்க அளவு 250-லிருந்து ஏறிக்கொண்டே போனால் கேட்டலிஸ்ட் அதுவரை கொஞ்சமாவது வேலை செய்துகொண்டிருந்தது, யூரியா போதவில்லை என்று அர்த்தம். அளவு முதலில் சரசரவென்று இறங்கி, வெகுநேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கினால் நீங்கள் அளந்தது நாக்ஸ் இல்லை, அம்மோனியா. கேட்டலிஸ்ட்டில் ஊறியிருந்த உபரி தீர்ந்த பிறகுதான் உண்மையான நாக்ஸ் தலைகாட்டுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: மின்சாரத்தைப் பிடுங்கினாலும் சொட்டும் இன்ஜெக்டர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அழுத்தம் இன்னும் பின்னால் இருக்கிறது. அளவு எந்தப் பக்கமும் அசையவே இல்லையென்றால் இதையும் சந்தேகியுங்கள்.

சந்தேகம் வந்தபின் இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான். புகைக்குழாய் ஆறட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. சில கார்களில் இன்ஜெக்டரைக் குளிர்விக்கக் கூலன்ட் குழாயும் வருகிறது, அதற்குத் தயாராக இருங்கள். திரவக் குழாயையும் மின் இணைப்பையும் மாட்டியபடியே இன்ஜெக்டரை வெளியே எடுத்து, அதன் வாயை அளவு கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாருக்குள் விட்டு, ஸ்கேனரில் டோசிங் அளவுச் சோதனையை ஓட்டுங்கள். அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் இத்தனை நேரத்தில் இத்தனை மில்லி என்று இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். தெளிப்பு பனி மாதிரி சீராக விரிய வேண்டும், ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒழுகக் கூடாது. சோதனை முடிந்து அழுத்தம் இருக்கும்போதே வாயைத் துடைத்துவிட்டு ஒரு உலர்ந்த டிஷ்யூ காகிதத்தின் மேல் சில நிமிடம் பிடித்திருங்கள். என்னுடையதில் நாற்பது விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான் இரண்டு சென்சார் வாங்கியிருந்தேன்.

இன்ஜெக்டர் இருந்த ஓட்டைக்குள்ளும் டார்ச் அடியுங்கள். மென்மையான வெள்ளைப் படிவு வெந்நீரில் கரையும். பல்லில் படியும் காறை மாதிரி கெட்டியாக இருந்தால் அது வெறும் யூரியா இல்லை, பாதி வெந்த யூரியா சயனூரிக் அமிலமாகவும் அதன் சொந்தக்காரர்களாகவும் மாறி இறுகியது, தண்ணீருக்கு மசியாது. மரக்குச்சி, பிளாஸ்டிக் கரண்டி வைத்துப் பக்குவமாகப் பெயர்க்க வேண்டும், மிச்சம் இருப்பது நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தின் சூட்டிலோ டி.பி.எஃப். தன் கரியை எரித்துத் தீர்க்கும் ரீஜெனரேஷன் சூட்டிலோதான் போகும். தினமும் நாலு கி.மீ. போய்வரும் வண்டிகளில் இது அதிகம், புகை சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் கண்டிப்பாகப் புதிது, போல்ட்டுகள் டார்க் ரென்ச்சில் கையேட்டு அளவுக்கு. பழைய கேஸ்கெட்டைப் போட்டுவிட்டு அடுத்த மாதம் வெள்ளை மீசை முளைத்த இன்ஜெக்டரைப் பார்க்காதீர்கள்.

நாக்ஸ் சென்சார்கள்

சென்சார் உண்மையிலேயே போவதும் உண்டுதான், இது அதிகம் சாகும் பாகங்களில் ஒன்று. அதற்குள் ஒரு சூடேற்றப்பட்ட செராமிக் இருக்கிறது, புகைக்குழாயில் தண்ணீர்த் துளி இருக்கும்போது அது சூடானால் விரிசல் விடும், அதனால்தான் ஈரம் காயும்வரை கணினி அதை எழுப்புவதில்லை. ஸ்டார்ட் செய்தவுடன் அளவு வரவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

சோதிக்க ஒரு நல்ல வழி: சூடான வண்டியை இறக்கத்தில் கியரிலேயே விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டீசல் போகாதபோது எரிப்பு இல்லை, நாக்ஸும் இல்லை, முன்பக்க சென்சார் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். அப்போதும் 80, 100 என்று தொங்கினால் அந்த சென்சாரின் அளவு தவறிவிட்டது. பின்பக்க சென்சாரை இந்தச் சோதனையில் கொஞ்சம் நிதானமாக எடைபோடுங்கள், கேட்டலிஸ்ட்டிலிருந்து வரும் அம்மோனியா அதைக் குழப்பும். டோசிங்கை நிறுத்தி அரைமணி ஓடி உபரி அம்மோனியா தீர்ந்துவிட்டால் இரண்டு சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும்.

புகைக்குழாயில் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தாலும் கணக்கு கெடும். நெளியும் பெல்லோஸ் குழாயிலும் கிளாம்ப்பிலும் கரி படிந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சென்சாரும் அதன் சின்ன எலக்ட்ரானிக் பெட்டியும் ஒரே ஜோடியாக அளவு சரிபார்க்கப்பட்டு வருபவை, வயரை வெட்டி வேறொன்றின் தலையை ஒட்டுவது வேலைக்காகாது. மலிவு விலைப் போலிகள் இந்தப் பாகத்தில் ஏராளம், நான் இரண்டாம் தடவை வாங்கமாட்டேன்.

ஹீட்டர், வெப்ப சென்சார்

குளிர்காலத்தில் மட்டும் எச்சரிக்கை வருகிறதென்றால் இங்கே ஆரம்பியுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தொட்டி வெப்பமும் வெளி வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும்போதே மைனஸ் 40 காட்டினால் வெப்ப சென்சாரின் சுற்று அறுந்திருக்கிறது. ஹீட்டரை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம் வர வேண்டும், எல்லையில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. ஆனால் அளப்பதற்கு முன் ரிலேயும் ஃபியூஸும் சரியா என்று பாருங்கள், ஏனென்றால் பல கார்களில் ஹீட்டர், மட்ட சென்சார், பம்ப் எல்லாம் ஒரே பாகமாகத்தான் கிடைக்கும், சிலவற்றில் தொட்டியோடு சேர்த்துத்தான். மூன்று வயரை அளக்காமல் முழுத் தொட்டியை மாற்றியவர்களின் ரசீதைப் பார்த்தால் வயிறு எரியும்.

கேட்டலிஸ்ட்டைக் கடைசியாகக் குற்றம் சொல்லுங்கள்

திரவம் சரி, அழுத்தம் சரி, டோசிங் அளவு சரி, சென்சார்கள் சரி, கசிவு இல்லை, டோசிங்கை நிறுத்தினாலும் ஓட்டினாலும் பின்பக்க நாக்ஸில் பெரிய வித்தியாசம் இல்லை, அப்போதுதான் கேட்டலிஸ்ட். அதுவும் அது ஏன் செத்தது என்று தெரிந்துகொள்ளாமல் புதிதைப் போடாதீர்கள், கெட்ட திரவம்தான் காரணம் என்றால் புதியதும் அதே வழியில் போகும்.

முன்பைவிட ஆட்ப்ளூ அதிகம் குடிக்கிறது என்று மட்டும் புகார் இருந்தால், மென்பொருள் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். 2015-இல் ஃபோக்ஸ்வாகன் குழுமம் புகைச் சோதனையை மென்பொருளால் ஏமாற்றிய டீசல் விவகாரம் வெடித்தபோது டூவரெக், க்யூ7, கயென் வண்டிகளின் 3.0 லிட்டர் இன்ஜினும் மாட்டியது. அதன் பிறகு திருத்திய மென்பொருள் ஏற்றப்பட்ட டீசல் கார்கள் முன்பைவிட அதிகமாகத் தெளிப்பது சகஜம். அது கசிவு இல்லை. எமுலேட்டர் பெட்டி ஒன்றை மாட்டி எல்லாவற்றையும் ஏமாற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், புகைச் சோதனையில் மாட்டுவீர்கள், அப்புறம் அந்த வண்டியில் உண்மையான கோளாறு எது என்று அடுத்த மெக்கானிக்கால் கண்டுபிடிக்கவே முடியாது.

வேலை முடிந்த பிறகு

அந்த இறங்கும் எண் பூஜ்யமானாலும் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நிற்காது, அணைத்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதனால் எண் ஒற்றை இலக்கத்துக்கு வரும்வரை வைத்துக்கொண்டிருந்து நடுவழியில் டீ குடிக்க அணைக்காதீர்கள். மட்டம் குறைந்ததால் வந்த எண் நிரப்பினாலே மறைந்துவிடும். திரவத் தரம், டோசிங், திறன் சம்பந்தமாக வந்தது அப்படி மறையாது: கோளாறைச் சரிசெய்து, கோட்களை அழித்து, மாற்றிய பாகத்துக்காகக் கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய திருத்தங்களை (கற்றல் மதிப்புகள்) ஸ்கேனரில் மீட்டமைத்து, அந்தக் காருக்கென்று உள்ள ஆட்ப்ளூ மீட்டமைப்புச் செயலை ஓட்ட வேண்டும். சில கார்கள் அதற்குப் பிறகும் தாங்களே ஒரு திறன் சோதனையை முடித்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்கின்றன, அதற்கு ஒரு அரைமணி சீரான நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும், நிறுத்தி நிறுத்திப் போகும் ஓட்டம் உதவாது.

கையில் பட்ட திரவத்தைத் தண்ணீரில் கழுவுங்கள், பெயிண்டில் பட்டதை உடனே கழுவுங்கள், டிக்கி கம்பளத்தில் சிந்தினால் அன்றே அலசுங்கள், காய்ந்துவிட்டால் அந்த அம்மோனியா வாசனை மாதக்கணக்கில் போகாது. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ஆட்ப்ளூவைப் பிடித்து வைக்காதீர்கள், அரித்துவிடும், அந்த உலோகம் திரும்பத் தொட்டிக்குள் போனால் கேட்டலிஸ்ட்டுக்கு விஷம்.

அடித்தட்டுக் கவரை மட்டும் உடனே முழுதாக முடுக்க வேண்டாம். இரண்டு போல்ட்டில் பிடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள், பிறகு இன்ஜெக்டர் அடிப்பாகத்திலும் நீங்கள் கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை எதுவும் இல்லையா? சரி, மீதி போல்ட்டுகளையும் போட்டு முடுக்கிவிடலாம்.